இரயில் கடந்து போகிறது, டெங்கில் காத்து நிற்கிறது

(பொதுப் போக்குவரத்து பற்றிய தொலைக்காட்சிக் கருத்தரங்கில் டெங்கில் குடியிருப்பாளர் ஒருவர் ஆற்றிய உரை)



எனக்கு ஒதுக்கப்பட்டிருப்பது இருபது நிமிடம். நான் பேசத் தொடங்கிய இந்த நேரத்தில் கே.எல். சென்ட்ரலில் ஒரு விமான நிலைய விரைவு இரயில் புறப்பட்டிருந்தால், நான் பேசி முடிப்பதற்குள் அது எங்கள் டெங்கில் வட்டாரத்தைத் தாண்டிப் போயிருக்கும். 57 கிலோமீட்டர் தூரத்தை 28 நிமிடத்தில் கடக்கும் இரயில் அது. அது போகும் சத்தம் எங்களுக்குக் கேட்கும். ஆனால் டெங்கில் என்ற பெயர்ப் பலகை தொங்கும் நிலையம் ஒன்று அந்தத் தடத்தில் இல்லை.

இதை ஒரு குறையாகச் சொல்லிப் புலம்புவதற்கு நான் இங்கே வரவில்லை. என்ன கேட்க வேண்டும், எப்படிக் கேட்க வேண்டும், கேட்டால் கிடைக்குமா என்ற மூன்று கேள்விகளுக்கு என் அறிவுக்கு எட்டிய பதிலைச் சொல்ல வந்திருக்கிறேன்.

தோட்டம் போனது, தண்டவாளம் வந்தது

டெங்கில் என்றால் பல நேயர்களுக்கு விமான நிலையத்துக்குப் போகும் வழியில் தென்படும் ஒரு சாலைப் பலகைதான் நினைவுக்கு வரும். லங்காட் ஆற்றங்கரையில் உள்ள பழைய சிற்றூர் அது. சுற்றிலும் ஒரு காலத்தில் பால்மரக் காடும் செம்பனையும்தான். இன்று பிரதமர் துறை அலுவலகம் நிற்கும் புத்ராஜெயா, பெராங் பெசார் தோட்டம் இருந்த இடம். முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய ஆங்கிலேய அதிகாரிகள் உருவாக்கிய தோட்டம் என்பதால், பெரிய போர் என்ற பொருளில் அந்தப் பெயர் வந்தது. அங்கே பால் வெட்டியவர்கள் நம்மவர்கள்.

1995-இல் புத்ராஜெயா வேலைகள் தொடங்கின. 1997-இல் சைபர்ஜெயா அறிமுகம் கண்டது. 1998-இல் அனைத்துலக விமான நிலையம் திறக்கப்பட்டது. நான்கு தோட்டங்களைச் சேர்ந்த நூற்றுக்கணக்கான குடும்பங்கள் லயத்து வீடுகளைக் காலி செய்துவிட்டு, டெங்கிலில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிக்கு வந்து சேர்ந்தன. நாட்டின் புதிய நிர்வாகத் தலைநகருக்கு வழிவிட்டவர்கள் என்று அவர்களைப் பற்றி மேடைகளில் பெருமையாகப் பேசுவார்கள். பெருமை இருக்கட்டும். வழிவிட்டவர்களுக்கு ஒரு வழி வேண்டாமா?

2002 ஏப்ரலில் விமான நிலைய விரைவு இரயில் ஓடத் தொடங்கியது. அதே ஆண்டு ஜூன் மாதம், இடையில் நின்று போகும் டிரான்சிட் சேவை வந்தது. பண்டார் தாசேக் செலாத்தான், புத்ராஜெயா, சாலாக் திங்கி ஆகிய மூன்று இடங்களில் அது நிற்கிறது. அப்போது புத்ராஜெயாவில் குடியேறியிருந்தவர்கள் மிகக் குறைவு. இருந்தும் அங்கே நிலையம் கட்டினார்கள். நாளை வரப் போகிறவர்களுக்காகக் கட்டினார்கள். அது நல்ல திட்டமிடல்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஏற்கெனவே இருந்தவர்களை யாராவது எண்ணிப் பார்த்தார்களா என்று கேட்கிறேன்.

2023 மார்ச் 16-ஆம் தேதி எம்.ஆர்.டி. புத்ராஜெயா தடம் முழுமையாகத் திறக்கப்பட்டது. 57.7 கிலோமீட்டர், 36 நிலையங்கள். குவாசா டாமன்சாராவில் ஏறினால் புத்ராஜெயா சென்ட்ரலில் இறங்கலாம். எங்கள் ஊரிலிருந்து அந்தக் கடைசி நிலையம் ஏறக்குறைய பத்துக் கிலோமீட்டர். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்களே, அந்தக் கதைதான்.

என் தாயாரின் கதை ஒன்றைச் சொல்கிறேன். அவர் பெராங் பெசாரில் பால் வெட்டியவர். எழுபது வயதைத் தாண்டியவர். மாதம் ஒரு முறை புத்ராஜெயா மருத்துவமனைக்குப் போக வேண்டும். மருத்துவமனை இருப்பது ஏழாவது பிரிசிண்ட். எம்.ஆர்.டி. நிலையம் இருப்பதும் அதே ஏழாவது பிரிசிண்ட். நாட்டின் புற்றுநோய்க் கழகமும் அங்கேதான். ஒரு நாள் காலையில் அவரைப் பேருந்து நிறுத்தத்தில் விட்டுவிட்டு நான் வேலைக்குப் போய்விட்டேன். இரண்டு மணி நேரம் கழித்துப் பக்கத்து வீட்டு அக்காவிடமிருந்து எனக்கு அழைப்பு வந்தது. அம்மா இன்னும் அதே நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தார். "வரும்னு சொன்னாங்கப்பா, அதான் உட்கார்ந்திருக்கேன்" என்றார். அன்று பேருந்து வரவே இல்லை. மருத்துவரைப் பார்க்கும் தேதி இன்னொரு மாதம் தள்ளிப் போனது.

நேயர்களே, பேருந்து அறவே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். நம்பிப் போக முடியவில்லை என்றுதான் சொல்கிறேன். நம்ப முடியாத பேருந்தும் இல்லாத பேருந்தும் நோயாளிக்கு ஒன்றுதான்.

நம் வியர்வையில் ஓடிய இரயில்

இரயில் என்பது இந்த நாட்டில் நமக்கு அந்நியமான ஒன்றா? இந்நாட்டின் முதல் இரயில் 1885-இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு ஓடியது. அந்தத் தடத்தை அமைக்க இலங்கையிலிருந்து ஆட்களைக் கொண்டு வந்தார்கள். அடுத்த ஆண்டு, 1886-இல், கோலாலம்பூருக்கும் கிள்ளான் ஆற்றங்கரையில் உள்ள புக்கிட் கூடாவுக்கும் இரயில் ஓடியது. ஆற்றுக்குப் பாலம் போட்டு 1890-இல் அதைக் கிள்ளானுக்கு நீட்டினார்கள். தண்டவாளம் போட்டவர்கள், கட்டை மாற்றியவர்கள், நிலைய அதிகாரிகளாகவும் எழுத்தர்களாகவும் இருந்தவர்கள் என்று எங்கே பார்த்தாலும் தமிழ் முகம்தான். பிரிக்பீல்ட்ஸ் வளர்ந்ததில் இரயில்வே ஊழியர் குடியிருப்புகளுக்குப் பெரும் பங்கு உண்டு. 2001-இல் திறக்கப்பட்ட கே.எல். சென்ட்ரல்கூட அந்தப் பழைய இரயில்வே நிலத்தில்தான் எழுந்து நிற்கிறது.

இன்னொன்றையும் மறந்துவிடக் கூடாது. தம்பினிலிருந்து மலாக்காவுக்கு 1905 முதல் ஒரு கிளைத் தடம் இருந்தது. ஜப்பானியர் காலத்தில் அந்தத் தண்டவாளங்களைப் பெயர்த்து சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டு போனார்கள். அதே பாதைக்குத்தான் மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக் கணக்கான தமிழர்களையும் கொண்டு போனார்கள். தண்டவாளமும் திரும்பவில்லை, போனவர்களில் பலரும் திரும்பவில்லை. போர் முடிந்து எண்பது ஆண்டுகள் ஆகிவிட்டன. மலாக்கா நகரத்துக்கு இன்றும் இரயில் இல்லை. மலாக்காவுக்குப் போக வேண்டியவர் புலாவ் செபாங் - தம்பின் நிலையத்தில் இறங்கி வேறு வாகனம் பிடிக்க வேண்டும்.

இதை ஏன் சொல்கிறேன்? ஒரு ஊர் இரயிலை இழந்துவிட்டால் அது தானாகத் திரும்பி வராது. வராத இரயிலும் தானாக வந்துவிடாது.

வரைபடத்தில் வந்து போன இரயில்

எங்கள் வட்டாரத்துக்கு வரைபடத்தில் மட்டும் வந்துவிட்டுப் போன இரயில்கள் உண்டு. புத்ராஜெயாவில் ஒரு மோனோரயில் திட்டம் இருந்தது. 2004-இல் அதை நிறுத்தி வைத்தார்கள். அதற்காகக் கட்டிய அழகான தொங்குபாலம் ஏரியின் மேல் இன்றும் நிற்கிறது. அதன் வழியாக மோனோரயில் ஓடியதே இல்லை.

அடுத்து, கிழக்குக்கரை இரயில் தடம். 2019 ஏப்ரலில் ஒப்பந்தம் திருத்தப்பட்டபோது, தடம் மெந்தகாப்பிலிருந்து ஜெலுபு, காஜாங் - பாங்கி, புத்ராஜெயா வழியாகப் போர்ட் கிள்ளானுக்குப் போகும் என்று அறிவித்தார்கள். காஜாங்கிலிருந்து கிள்ளான் வரை நம் தென் சிலாங்கூர் மக்களுக்கு ஒரு நேரடி இரயில் கிடைக்கும் என்ற நம்பிக்கை பிறந்தது. 2021-இல் அந்தத் தடம் மறுபடியும் வடக்கே மாற்றப்பட்டது. பெந்தோங், கோம்பாக், செரண்டா வழியாக இப்போது அது போர்ட் கிள்ளானுக்குப் போகிறது. வடக்கே இருப்பவர்களுக்கு அதனால் நன்மை என்றால் வாழ்த்துவோம். ஆனால் காஜாங் - டெங்கில் - பந்திங் - கிள்ளான் என்று குறுக்கே பயணம் செய்கிறவர்கள் நிலை என்ன? இன்றும் கோலாலம்பூர் வரை போய்த் திரும்பி வரவேண்டும், இல்லாவிட்டால் சொந்த வண்டி வைத்திருக்க வேண்டும்.

சொந்த வண்டி என்றால் எங்கள் பிள்ளைகளுக்கு மோட்டார் சைக்கிள்தான். இந்நாட்டில் சாலை விபத்துகளில் உயிரிழப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள். பதினெட்டு வயதில் வேலை கிடைத்ததும் கடன் வாங்கி ஒரு மோட்டார் வாங்குகிறான். விமான நிலையத்தில் இரவு வேலை. விடியற்காலையில் தூக்கக் கலக்கத்தோடு கனரக லோரிகளுக்கு நடுவே வீடு திரும்புகிறான். அவன் கதவைத் தட்டும் வரை அந்த வீட்டில் தாய் தூங்குவதில்லை. இரயில் நிலையம் கேட்பது சொகுசுக்காக என்று நினைப்பவர்கள் அந்தத் தாயிடம் வந்து கேட்டுப் பார்க்கட்டும்.

கேட்டால் கிடைக்குமா?

கிடைக்கும். கிள்ளானையே பாருங்கள். எல்.ஆர்.டி. மூன்றாவது தடத்துக்கான செலவைக் குறைக்க வேண்டும் என்று 2018-இல் ஐந்து நிலையங்களைக் கைவிட்டார்கள். புக்கிட் ராஜாவும் பண்டார் போத்தானிக்கும் அந்த ஐந்தில் அடக்கம். அந்த முடிவு அத்தோடு முடிந்துவிடவில்லை. 2023 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட வரவு செலவுத் திட்டத்தில் ஐந்து நிலையங்களையும் மீண்டும் கட்டுவதாக அரசாங்கம் அறிவித்தது. எழுதி முடித்த திட்டத்தையும் திருத்தி எழுதலாம் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

தமிழ்நாட்டில் தேனி மாவட்டத்துக்குப் போய்ப் பாருங்கள். மதுரையிலிருந்து போடிநாயக்கனூருக்கு ஓடிய மீட்டர் பாதை இரயிலை, அகலப் பாதையாக மாற்றுவதற்காக 2010-இன் இறுதியில் நிறுத்தினார்கள். சில ஆண்டுகளில் முடியும் என்று நினைத்த வேலை பன்னிரண்டு ஆண்டுகள் இழுத்தது. மக்கள் விடாமல் கேட்டுக் கொண்டே இருந்தார்கள். 2022 மே மாதம் தேனி வரைக்கும், 2023 ஜூன் மாதம் போடி வரைக்கும் இரயில் திரும்பி வந்தது. இலங்கையில் 1990-இல் போரினால் நின்று போன யாழ்ப்பாண இரயில், இருபத்து நான்கு ஆண்டுகள் கழித்து 2014 அக்டோபரில் மீண்டும் யாழ்ப்பாண நிலையத்தை அடைந்தது. தண்டவாளமே இல்லாமல் போன மண் அது. எங்கள் ஊரில் தண்டவாளம் இருக்கிறது. இரயிலும் தினமும் ஓடுகிறது. நிற்க வேண்டியதுதான் பாக்கி.

நிலையம் கேட்பது எளிது, கட்டுவது எளிதா?

இங்கே நாம் நேர்மையாகப் பேச வேண்டும். விமான நிலையத் தடத்தில் இரண்டு சேவைகள் ஒரே தண்டவாளத்தில் ஓடுகின்றன. நிற்காமல் போகும் விரைவு இரயில் ஒன்று, நின்று போகும் டிரான்சிட் மற்றொன்று. இடையில் இன்னொரு நிறுத்தத்தைச் சேர்த்தால் டிரான்சிட் தாமதமாகும். பின்னால் வரும் விரைவு இரயில் அதை நெருங்கும். கால அட்டவணை முழுவதையும் மாற்ற வேண்டியிருக்கும். விமானத்தைப் பிடிக்க ஓடுகிறவர் ஒரு நிமிடத் தாமதத்தையும் பொறுக்க மாட்டார். அடுத்தது கட்டணம். மாதம் 50 ரிங்கிட் செலுத்தி மலேசியர்கள் எடுக்கும் பயண அட்டையைக் கொண்டு எம்.ஆர்.டி., எல்.ஆர்.டி., மோனோரயில், ரேபிட் பேருந்து எல்லாவற்றிலும் போகலாம். விமான நிலைய இரயிலில் அந்த அட்டை செல்லாது. ஆகவே எங்கள் ஊரில் நாளைக்கே ஒரு நிலையம் எழுந்தாலும், மாதச் சம்பளக்காரர் தினமும் அதில் ஏற முடியுமா என்ற கேள்வி நிற்கிறது.

இதையெல்லாம் தெரிந்து கொள்ளாமல் "எங்களுக்கு ஸ்டேஷன் வேண்டும்" என்று மட்டும் முழங்கினால், அதிகாரிகள் பத்து நிமிடத்தில் நம்மைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். கோரிக்கையை இரண்டாகப் பிரித்துக் கேட்பதுதான் விவேகம்.

முதலாவது, இன்றைக்கே செய்யக் கூடியவை. டெங்கில் பட்டணத்திலிருந்து தாமான் பெர்மாத்தா வழியாகப் புத்ராஜெயா சென்ட்ரலுக்குக் காலையிலும் மாலையிலும் இருபது நிமிடத்துக்கு ஒரு பேருந்து வேண்டும். முதல் எம்.ஆர்.டி. புறப்படும் முன் அது போய்ச் சேர வேண்டும். கடைசி எம்.ஆர்.டி. வந்த பிறகுதான் அது கிளம்ப வேண்டும். அந்த 50 ரிங்கிட் அட்டை அதிலும் செல்ல வேண்டும். சாலாக் திங்கி நிலையத்துக்கும் விமான நிலையத்துக்கும் இரவு வேலை முடியும் நேரத்தில் ஒரு சேவை வேண்டும். 2024 முதல் கிள்ளான் பள்ளத்தாக்கின் சில பகுதிகளில், கைப்பேசியில் அழைத்தால் வரும் வேன் சேவையை 1 ரிங்கிட் கட்டணத்தில் தொடங்கினார்களே, அந்த மாதிரி ஒன்று எங்கள் ஊருக்கும் பொருந்தும். நிறுத்தங்களில் கூரையும் இருக்கையும் விளக்கும் வேண்டும். இவற்றுக்குப் பாலமோ சுரங்கமோ தேவையில்லை. மனம் இருந்தால் போதும்.

இரண்டாவது, காலம் பிடிக்கும் வேலைகள். டெங்கிலில் பின்னாளில் ஒரு நிறுத்தம் கட்டுவதற்கு ஏற்ற நிலத்தை உள்ளூர்த் திட்டத்தில் இப்போதே ஒதுக்கி வைக்க வேண்டும். இன்று விட்டால் நாளை அங்கே ஓர் அடுக்குமாடி எழும்பிவிடும். காஜாங் - புத்ராஜெயா - கிள்ளான் குறுக்குத் தடத்தை மறந்துவிடாமல் ஏட்டில் வைத்திருக்க வேண்டும். விமான நிலைய இரயிலின் கட்டணத்தில், தினமும் போய் வரும் உள்ளூர்வாசிக்கு என்ன செய்யலாம் என்று பேச வேண்டும்.

மகஜர் கொடுத்தால் போதுமா?

இப்போது நம் பக்கத்துக் குறையையும் சொல்லி விடுகிறேன். கோபித்துக் கொள்ளாதீர்கள். நாம் மகஜர் கொடுப்பதில் கெட்டிக்காரர்கள். தேர்தல் நெருங்கும்போது பத்துப் பேர் போவோம். மக்கள் பிரதிநிதியின் கையில் மகஜரைக் கொடுப்போம். படம் எடுப்போம். மறுநாள் நாளிதழில் வந்ததும் அதை வெட்டி வைத்துக் கொள்வோம். அத்தோடு சரி. ஆறு மாதம் கழித்து அந்த மகஜர் எந்த மேசையில் இருக்கிறது என்று எத்தனை பேர் போய்க் கேட்டோம்?

2010-ஆம் ஆண்டின் தரைப் பொதுப் போக்குவரத்துச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. அது சட்டம் 715. புதிய இரயில் திட்டம் எதுவானாலும் பொதுமக்கள் பார்வைக்கு மூன்று மாதம் வைக்க வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்கிறது. எம்.ஆர்.டி. இரண்டாவது தடத்தின் திட்டத்தையும் 2015-இல் அப்படி வைத்தார்கள். யார் வேண்டுமானாலும் போய் வரைபடத்தைப் பார்த்து, கருத்தை எழுதிக் கொடுக்கலாம். ஊராட்சி மன்றத்தின் உள்ளூர்த் திட்டத்துக்கும் இதுபோலவே பொதுப் பார்வை உண்டு. நம்மில் எத்தனை பேர் போனோம்? வெட்கத்தோடு சொல்கிறேன், நானும் போகவில்லை. அந்தக் கண்காட்சி நடந்தது எனக்குத் தெரியவந்தபோது காலக்கெடு முடிந்திருந்தது. அழுத பிள்ளைக்குத்தான் பால். அதுவும் பால் ஊற்றும் நேரத்தில் அழ வேண்டும்.

அதிகாரிகளுக்குக் கண்ணீரைவிடக் கணக்கு நன்றாகப் புரியும். ஆகவே ஒரு யோசனை சொல்கிறேன். ஒரு வாரம், காலை ஐந்து மணி முதல் ஒன்பது மணி வரை, ஒவ்வொரு அடுக்குமாடியின் கீழும் இரண்டு பிள்ளைகளை நோட்டுப் புத்தகத்தோடு உட்கார வையுங்கள். எத்தனை பேர் வெளியே போகிறார்கள், எங்கே போகிறார்கள், எதில் போகிறார்கள், மாதம் எவ்வளவு செலவாகிறது என்று கேட்டு எழுதட்டும். எந்தப் பேருந்து எந்த நேரத்துக்கு வர வேண்டும், எத்தனை மணிக்கு வந்தது என்பதையும் குறிக்கட்டும். மலாய்க்கார அண்டை வீட்டார், கம்போங் மக்கள், சீனக் கடைக்காரர்கள் எல்லாரையும் சேர்த்துக் கொள்ளுங்கள். இது தமிழர் பிரச்சினை மட்டும் இல்லை. பேருந்து வராவிட்டால் மாக்சிக் மீனாவும் காத்திருப்பார், மீனாட்சி அக்காவும் காத்திருப்பார். ஊர் கூடி இழுத்தால்தான் தேர் நகரும். அந்தக் கணக்கோடு போய் நில்லுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை போய் நில்லுங்கள். பதிலை எழுத்தில் கேளுங்கள்.

"உங்கள் ஊரில் கூட்டமே இல்லையே, யாருக்காக இத்தனை பேருந்து?" என்று ஒருவர் கேட்பார். பேருந்து வராத நிறுத்தத்தில் கூட்டம் எப்படி இருக்கும்? வாங்க ஆள் இல்லை என்று கடையைத் திறக்காமலே வைத்திருந்தால், அந்தக் கடையில் வியாபாரம் எந்தக் காலத்தில் நடக்கும்?

நேயர்களே, நேரம் நெருங்கிவிட்டது. என் தாயார் அடிக்கடி ஒன்று சொல்வார். தோட்டத்தில் இருந்தபோது விடியற்காலையில் பெரட்டுக்குப் போக வேண்டும். ஒரு நாள் தாமதமாகப் போனாலும் பெயரை வெட்டிவிடுவார்கள். நாற்பது ஆண்டுகள் நேரம் தவறாமல் போனவர் அவர். நேரம் தவறாத ஒரு பேருந்தை அவருக்குக் கொடுக்க இந்த நாட்டால் முடியாதா? முடியும். இந்த நாட்டில் வசதி இருக்கிறது. தண்டவாளம் இருக்கிறது. பத்துக் கிலோமீட்டரில் புத்தம் புது நிலையம் இருக்கிறது. இடையில் உள்ள அந்தப் பத்துக் கிலோமீட்டரைத்தான் நாங்கள் கேட்கிறோம்.

அடுத்த மாதம் அம்மாவுக்கு மறுபடியும் மருத்துவமனைத் தேதி இருக்கிறது. அன்றைக்கு நான் விடுப்பு எடுத்து, அவரோடு அந்த நிறுத்தத்தில் உட்காரப் போகிறேன். கையில் நோட்டுப் புத்தகம் இருக்கும். எங்கள் ஊர்க்காரர்கள் யாராவது இதைப் பார்த்துக் கொண்டிருந்தால், நீங்களும் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வாருங்கள். கணக்கை அன்றிலிருந்தே தொடங்குவோம்.